பிடியை விடாத முன்சக்கரம்

சக்கரம் கால்வட்டம் சுற்றி நின்றது. செண்பகவடிவு மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் கால்வட்டம், ஒரு முனகல், அப்புறம் அசைவில்லை. அப்படியானால் குறை தன் காலில் இல்லை, சக்கரத்தில்தான் என்று மனம் துள்ளியது. துள்ளிய வேகத்திலேயே அவள் அதைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். இருபத்தெட்டு ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்தவள், முதல் அறிகுறியைக் கண்டவுடனே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறவர்களை ஒருநாளும் மதித்ததில்லை. பார், முதலில் பார், பெயர் பிறகு வரட்டும். மணி ஆறரை. குற்றால மலைப் பக்கமிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. தூறல் என்றுகூடச் சொல்ல முடியாத அந்தப் பொடி ஈரம் தென்காசியில் ஆனி, ஆடி இரண்டு மாதமும் எல்லாருடைய மூக்கு நுனியிலும் உட்கார்ந்திருக்கும், அதைத் துடைத்துக்கொள்ள ஒருவருக்கும் தோன்றாது. வீட்டு முன்புறத் தகரக் கூரையின் கீழ் மோட்டார் சைக்கிள் சென்டர் ஸ்டாண்டில் நின்றது. அதன் வாலோரத்தில் அவள் கணவர் திருமலைக்குமார் காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. அவருடைய எண்பது கிலோ பின்னால் அமிழ்ந்தால்தான் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், எழும்பினால்தான் அது சுற்றுகிறதா இல்லையா என்று தெரியும்.

“என்னளா, சுத்துதா?”

“சுத்தலை. நீங்க அசையாதீங்க. அசைஞ்சா சக்கரம் தரையில உக்காந்துரும்.”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து இதைத்தானே சொல்லுத.”

அவர் சொன்னதில் சிரிப்பு இருந்தது, அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பதற்றமும் இருந்தது. பத்து மணியை அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். பத்து மணிக்கு ஓட்டுநர் தேர்வு. மூன்றாவது தடவை. பழகுநர் உரிமத்தின் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. இன்றைக்குத் தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குக் குறைந்தது ஒரு மாதம், ஆனால் திங்கட்கிழமைக்கு ஒரு மாதம் காத்திருக்கத் தெரியாது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிரசவ அறையின் பொறுப்பை அவள் ஏற்க வேண்டும். பத்து ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, மற்றவர்களுக்குப் போய், திரும்பி, கடைசியில் அவள் பெயருக்கு வந்த பொறுப்பு. முதல் பேருந்து அங்கே போய்ச் சேருவது எட்டேகாலுக்கு. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் எத்தனை தலைகள் வெளியே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாக அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு எல்லா ஷிப்டுக்கும் கொண்டுபோய் விட்டவர் இவர்தான். ஏழு மாதத்துக்கு முன் விழித்திரையில் சர்க்கரை ஏறிவிட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்னபோது அவர் மருத்துவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அன்று இரவே அவள் சொன்னாள், நான் படிக்கிறேன் என்று. ஓட்டப் படிக்கிறேன் என்று சொல்லவில்லை, படிக்கிறேன் என்றுதான். ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளலாமே, கியர் இல்லாதது, பெண்களுக்கு லேசு என்று ஊரே சொல்லிற்று. பதினோரு வருடம் காதருகே கேட்ட எஞ்சின் இது. எந்த மேட்டில் எந்த கியர் விழும் என்று பின்சீட்டில் உட்கார்ந்தே மனப்பாடம் ஆகியிருக்கிறது. இதை விட்டுவிட்டு, தெரியாத ஒன்றிடம் போய் எதற்காக அறிமுகம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அவள் கைப்பிடியிலிருந்த முன் பிரேக் லீவரை ஒரு தடவை நன்றாக அழுத்திவிட்டு, விட்டாள். இப்போது சக்கரம் கால்வட்டம்கூடச் சுற்றவில்லை. உள்ளே யாரோ பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார்கள். அழுத்தினால் பிடிப்பது பிரேக்கின் வேலை, விட்டால் விடுவதும் அதன் வேலைதானே. பாதி வேலை செய்கிறவர்களை அவள் வார்டில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்துக் கேட்டிருப்பாள். ஆனால் நீ கேட்டாயா, இதனிடம் கேட்டாயா என்று மனம் திரும்பிக் கேட்டது. கேட்கவில்லை. முந்தைய இரண்டு தேர்விலும் எட்டுப் போடுகையில், இரண்டாவது வளையத்தின் நடுவில், மிக மெதுவாகப் போக வேண்டிய அந்த இடத்தில், வண்டி மூச்சடைத்தாற்போல் தேங்கி இடது பக்கம் சாய்ந்தது, கால் தானாகத் தரைக்குப் போயிற்று. கால் ஊன்றிவிட்டீர்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஆய்வாளர் எழுதினார். அதில் அவர் மீது குற்றம் ஒன்றுமில்லை, கால் ஊன்றியது ஊன்றியதுதான். அதற்கு அவள் எத்தனை காரணம் தேடினாள். முதலில் இடது முழங்கால்: தேய்ந்திருக்கிறது, பலம் இல்லை. பிறகு காது: உள்காதின் நீர் சமநிலை ஐம்பத்திரண்டு வயதில் குறையும் என்று எங்கோ படித்தது. பிறகு பயம். பிறகு இன்னும் கீழே போய், பதின்மூன்று வயதில் சைக்கிள் கேட்டபோது, உனக்கு நிதானம் பத்தாது என்று அப்பா செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல் சொன்னது; அப்பா சொன்னது முப்பத்தொன்பது வருடம் கழித்து நிரூபணமாகிறது என்று தோன்றிய மத்தியானம் ஒன்று. அத்தனை தூரம் போய்த் தேடியவள், தனக்கு முன்னால் இரண்டு கை தூரத்தில் சுழன்றுகொண்டிருந்த சக்கரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லை. நேற்று சாயங்காலப் பழக்கத்திலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இன்று காலை தெரு முனை வரை போய்த் திரும்பி வந்து, எதற்கோ குனிந்தபோது புறங்கை முன்சக்கரத்துப் பிரேக் டிஸ்கில் பட்டுச் சுட்டது. காய்ச்சல். காய்ச்சல் என்றால் காரணம் உண்டு. அந்தச் சூடுதான் அவளை இங்கே உட்கார வைத்திருக்கிறது.

“காலிப்பர் உள்ள பிஸ்டன் துருப்பிடிச்சிருக்கும்” என்றார் திருமலைக்குமார், முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க முடியாத ஆத்திரத்தோடு. வாலோரத்தில் பின்பக்கம் பார்த்தல்லவா உட்கார்ந்திருந்தார். “சாரல் காத்துல்லா. மெக்கானிக் பத்தரைக்குத்தான் கடையைத் திறப்பான். வெறும் கையோட டிஸ்க் பிரேக்கைப் பிரிச்சிராத வடிவு. அதுல ஆயில் இருக்கு, அமுக்கம் இருக்கு.”

ஆயில் இருக்கிறது, அமுக்கம் இருக்கிறது. மேலே ஒரு சின்ன உருளை, அதை லீவர் தள்ளுகிறது, நடுவே குழாய், கீழே இன்னோர் உருளை, அது டிஸ்கைக் கவ்வுகிறது. இதை இவர் ஏன் பயந்து சொல்கிறார். இது சிரிஞ்சு. மேலே ஒரு சிரிஞ்சு, கீழே ஒரு சிரிஞ்சு, இரண்டுக்கும் இடையே டிரிப் குழாய். டிரிப் இறங்கவில்லை என்றால் நோயாளியைக் கத்திவைத்துப் பிளக்கிறோமா என்ன. ஊசிமுனை அடைத்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா, மேலே திருகு மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். அவளுக்கு அந்த நிமிடத்திலிருந்து கைகள் தன்னுடையவையாகிவிட்டன. பெயின்ட்டைப் பிரேக் ஆயில் அரிக்கும் என்று தெரிந்ததால் டேங்கின் மேலும் முன் மட்கார்டின் மேலும் பழைய துணியை ஈரமாக விரித்தாள். கீழ் உருளை இருக்கும் காலிப்பரின் உச்சியில் காற்று வெளியேற்றுவதற்கென்று இருக்கும் சிறு திருகின் ரப்பர் மூடியைக் கழற்றி, டிரிப் குழாயில் ஒரு முழம் வெட்டி மாட்டி, மறுமுனையைத் தீர்ந்துபோன இருமல் மருந்துச் சீசாவுக்குள் விட்டாள். எட்டாம் நம்பர் ஸ்பேனர். கால் திருப்பு, அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம்.

வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ஆவுடையம்மாள், கையில் பால் பாக்கெட்டோடு, நின்று பார்ப்பதற்கென்றே வந்து நின்றாள்.

“என்ன மைனி, வண்டிக்குப் பிரசவம் பாக்கியளா?”

“ஆமா.”

“தலை தெரியுதா?”

“நீங்க வெளிச்சத்தை மறைக்காம நின்னா தெரியும், மைனி.”

“அண்ணாச்சியை எதுக்கு வால்ல கட்டி வச்சிருக்கிய?”

“அவருதான் பிள்ளைக்குத் தகப்பன். ஓடிரக் கூடாதுல்லா.”

திருமலைக்குமாரின் காபி புரையேறியது, வண்டி குலுங்கிற்று, அசையாதீங்க என்று அவள் சொல்லிக்கொண்டே ஸ்பேனரைத் திருப்பினாள். தேன் நிறத்து ஆயில் குழாயில் விருட்டென்று ஓடி ஒரு விரற்கடை போய் நின்றது. அவள் உடனே திருகை மூடினாள். ஆயில் வந்துகொண்டிருக்கும்போதே மூட வேண்டும், காற்றை உள்ளே விடக் கூடாது, இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூடிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினாள். சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலரை வட்டம். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அவசரப்படாதே. என்ன தெரிந்தது, சொல். கீழ் உருளை துருப்பிடித்திருந்தால் ஆயிலை எடுத்தாலும் அது விட்டிருக்காது, விட்டுவிட்டது, ஆகவே கீழே நோயில்லை. மேலிருந்து வந்த அமுக்கம் மேலே திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான். லீவரை மறுபடி அழுத்தி விட்டாள். சக்கரம் மறுபடி இறுகியது. நல்லது. சொன்ன சொல் மாறாத நோயை அவளுக்கு எப்போதும் பிடிக்கும். இனி குழாய், அல்லது லீவர். குழாயை அடியிலிருந்து நுனிவரை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே வந்தாள், நரம்பு தேடுகிறவளைப் போல, வீக்கமில்லை, மடிப்பில்லை. மேலே வந்துவிட்டாள். லீவர்.

ஆரோக்கியமான லீவர் அழுத்துவதற்கு முன் கொஞ்சம் வெறுமனே ஆடும். இது ஆடவில்லை. அவள் கட்டைவிரலை உள்பக்கம் வைத்து லீவரை வெளியே, இருக்க வேண்டிய இடத்துக்கு அப்பால் தள்ளுகிறவள் போல, மெதுவாகத் தள்ளினாள். நறநற என்று ஒரு மயிரிழை நகர்ந்தது. கீழே, யாரும் தொடாமலேயே, சக்கரம் தன் பாரத்தால் தானே அசைந்து கொடுத்தது. லீவர் முழுக்கத் திரும்பி வருவதில்லை. அது திரும்பாத மயிரிழையில் ஆயில் திரும்பிப் போகும் வாசல் அடைபடுகிறது. ஓட ஓடச் சூடேற, சூடேற இறுக, எட்டின் இரண்டாம் வளையத்தில் மூச்சு நிற்கிறது. காலில்லை. காதில்லை. அப்பாவும் இல்லை. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வந்தது பசி; நேற்று இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, லீவர் ஏன் திரும்பவில்லை. லீவர் தொங்கும் மூட்டை அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூட்டு முழுக்கச் சந்தனம். பன்னீரில் குழைத்த மஞ்சள் சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் தெருத்தூசி, அதன்மேல் மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம். இடுக்கில் இறங்கி, இறுகி, பலகாரம் போல அடுக்கடுக்காக. மேல் அடுக்கு இன்னும் ஈரமாக இருந்தது. இருக்காதா பின்னே, காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு அவள்தான் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குப் பொட்டு வைப்பது இந்த வீட்டில் அவள் பொறுப்பு. முகப்பு விளக்கில் ஒன்று, டேங்கில் ஒன்று, அவ்வளவுதான் முன்பெல்லாம். ஓட்டப் பழகத் தொடங்கியதிலிருந்துதான் மூன்றாவதாக இந்த மூட்டு. ஓடுவதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை, நிற்பதைப் பற்றித்தான் பயம்; ஆகவே எது நிறுத்துமோ அதற்கும் ஒரு பொட்டு. எதிலும் சுத்தமாக வேலை செய்கிறவள் ஆயிற்றே, மேலோடு தொட்டுவிட்டு விடுகிறவளா. மோதிர விரலால் மூட்டின் சந்து வரை வழித்து நிரப்பினாள். முதல் தேர்வு நாளில் கொஞ்சம் தாராளமாக. இரண்டாவது தேர்வு நாளில் பயம் கூடியிருந்தது, ஆகவே சந்தனமும் கூடியது. இன்று ஒரு வில்லை முழுவதும். சாதாரண நாளில் ஒருமாதிரி ஓடிய வண்டி தேர்வன்று மட்டும் ஏன் திணறியது என்று ஆறு வாரமாகத் துளைத்த கேள்விக்குப் பதில் இதோ அவள் விரல் ரேகையோடு இருக்கிறது. அவள் மனம் அங்கே நிற்கவில்லை, நேராகப் பிரசவ வார்டுக்கு ஓடிற்று. தொப்புளில் விபூதி வைக்காதே, மஞ்சள் பூசாதே, சந்தனம் பூசாதே, உன் பக்தியைச் சாமி படத்துக்கு வை, பிள்ளையின் தொப்புளைக் காய விடு. இருபத்தெட்டு ஆண்டுகள், எத்தனை தாய்மார்கள், எத்தனை பாட்டிகள், எவ்வளவு கண்டிப்பான குரலில். ஒரு கிழவி எதிர்த்துக்கூடக் கேட்டாள், நீ மட்டும் ஒண்ணுக்கும் பொட்டு வைக்காமலா இருக்கே தாயி என்று. வைக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும் என்று இவள் பதில் சொன்னாள். தெரிந்திருக்கிறது, நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. செண்பகவடிவுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. வாயை மூடினால் தோளில் குலுங்கியது, தோளை அடக்கினால் கண்ணில் நீராக வந்தது.

“என்னளா ஆச்சு? அழுதியா?” என்றார் திருமலைக்குமார். திரும்பவும் முடியாமல், இறங்கவும் முடியாமல், வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இல்ல. நோய் தெரிஞ்சு போச்சு.”

“துருதானே?”

“பக்தி.”

“என்னது?”

“நான் வச்ச சந்தனம்ங்க. லீவர் மூட்டுல அடைச்சு, கட்டியா, கல்லா. நானேதான்.”

அவர் தம்ளரில் மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தார். பிறகு, மிகவும் யோசித்து, நீதி சொல்கிறவர் போலச் சொன்னார்: “அப்போ ரெண்டு மட்டமும் உன்னை ஃபெயிலாக்கினது அந்த ஆபீஸர் இல்லை. நம்ம முருகன்.”

“முருகனைச் சொல்லாதீங்க. அவரு என்ன சந்தனமா கேட்டாரு? ஓட்டப் படின்னுதான் சொல்லியிருப்பாரு.”

ஆவுடையம்மாள் பால் பாக்கெட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். தன் வீட்டு வண்டிக்கும் எங்கெல்லாம் பொட்டு இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் நினைத்துப் பார்த்தாளோ என்னவோ, சட்டென்று குடையை விரித்துக்கொண்டு தன் வீட்டுக்கு விரைந்தாள். செண்பகவடிவு மூட்டின் அடிநட்டைக் கழற்றினாள், மேல்திருகை எடுத்தாள், லீவரை உருவினாள். உருவும்போது அது ஓர் உலர்ந்த பல் போல நறுக்கென்று வந்தது. வெந்நீர், பழைய பல் பிரஷ், பஞ்சு. சந்தனம் வெந்நீருக்குக் கரைந்து, மஞ்சளும் சிவப்புமாகத் தட்டில் ஓடிற்று, வாசனை எழுந்தது, அது கூரையின் கீழே சாரலோடு கலந்து ஒரு கோயில் பிரகாரத்தை அங்கே கொண்டுவந்து இறக்கிற்று. குற்ற உணர்ச்சி வர வேண்டிய இடம் இது, ஏன் வரவில்லை என்று அவள் தன்னையே சோதித்தாள். வரவில்லை. தவறு தன்னுடையது என்று தெரிவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. உடம்பின் குறை என்றால் என்ன செய்ய முடியும், விதி என்றால் என்ன செய்ய முடியும். கை செய்த தவறைக் கை துடைத்துவிடுகிறது. மேல் உருளையின் முகத்திலிருந்த ரப்பரைப் பஞ்சால் ஒற்றியெடுத்தாள், ஈரம் போகத் துடைத்தாள், மூட்டுத் திருகுக்கு ஒரு பயறளவு கிரீஸ் வைத்தாள், அதற்கு மேல் வைக்கவில்லை. லீவரை மாட்டி, நட்டை இறுக்கி, ஆயில் மட்டம் லீவருக்கு மேலுள்ள ஆயில் கிண்ணத்துக் கண்ணாடியின் கோட்டுக்கு மேல் இருப்பதைப் பார்த்து, அழுத்தி, விட்டாள். டக் என்று திரும்பி வந்து நின்று, கொஞ்சம் வெறுமனே ஆடியது.

சக்கரத்தைத் தள்ளினாள். அது சுற்றிற்று, கம்பி தெரியாமல், சத்தம் இல்லாமல், சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. பதினொன்றுக்கு மேல் அவள் எண்ணவில்லை. எண்ணாமல் பார்ப்பதற்கும் அது அழகாக இருந்தது. லீவரைத் தொட்டாள், நின்றது. விட்டாள், தள்ளினாள், ஓடிற்று. இதை அவள் எத்தனை தடவை செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது. நான் இறங்கலாமா, கால் மரத்துப்போச்சு என்று கணவர் மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் நிறுத்தினாள். முகப்பு விளக்கிலும் டேங்கிலும் இருந்த பொட்டுகளை அவள் தொடவில்லை. அவை யாருடைய மூச்சையும் அடைக்கவில்லை. ஆறிய இட்லி நான்கைத் தின்றுவிட்டு, தெருமுனைக் காலிமனையில் இரண்டு வாளிகளைக் கவிழ்த்து வைத்து எட்டுப் போட்டாள். முதல் எட்டின் இரண்டாம் வளையத்தில் கால் தரைக்குப் போயிற்று. அவள் திகைத்து நின்றாள். சக்கரம் இப்போது குற்றமற்றது. அப்படியானால் இது என்னுடையது, என்னுடைய கால், பழக்கதோஷத்தில் பயந்து போகிற கால். இரண்டும் இருந்திருக்கின்றன, ஒன்றின் முதுகில் ஒன்று ஒளிந்துகொண்டு. அதற்கும் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒன்றை எடுத்தாயிற்று, மற்றது எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. பார்வையை வாளியில் வைக்காமல் வளைவுக்கு அப்பால் வைத்தாள். இரண்டாவது எட்டு. மூன்றாவது. ஏழாவது வரை கால் தன் இடத்திலேயே இருந்தது.

பத்து மணிக்கு, உரிமம் உள்ளவர் என்ற முறையில் பின்னால் உட்கார்ந்து வந்த கணவரை மைதானத்து வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டு, அவள் பெயரைக் கூப்பிட்டதும் கோட்டுக்கு வந்தாள். ஆய்வாளர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, காகிதத்தைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தார். பயம் வந்திருந்தது, வராமல் இருக்குமா. முழங்காலில் ஒரு தடவை எட்டிப் பார்த்தது, காதில் ஒரு தடவை, பிறகு செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து; ஆனால் ஒவ்வோரிடத்திலும் அது தங்குவதற்கு முன் வளைவு வந்துவிட்டது. முதல் வளையம், கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலேட்டர், பார்வை அப்பால். இரண்டாம் வளையம். தேங்கும் இடம் வந்தது. தேங்கவில்லை. சக்கரம் தண்ணீரைப் போல அந்த இடத்தைக் கடந்து போயிற்று, அவள் அதன்மேல் போனாள். திங்கட்கிழமை ஏழு மணி, மலையடிவாரம், ஈரச் சாலை, பிறக்கக் காத்திருக்கிற தலைகள், எல்லாம் அந்த வளைவின் மறுபக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எட்டு முடிந்தது. முடிந்த எட்டின் வாலிலிருந்து இன்னோர் எட்டு தொடங்குவது எவ்வளவு இயல்பு; அவள் அதற்குள்ளும் போனாள். அதிலிருந்தும் இன்னொன்று. மரத்தடியில் திருமலைக்குமார் சரியாகத் தெரியாத கண்களைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றார் ஆய்வாளர், பேனாவை மூடிக்கொண்டே. “பாஸ் போட்டாச்சு. ஒரு எட்டு போதும்மா. இறங்குங்க.”

அவளுக்குக் கேட்டது. இருந்தாலும் இன்னும் ஒரே ஒரு வளையம் முழுதாக வந்து, கோட்டுக்கு நேரே, இரண்டு விரலால் லீவரை அழுத்தி, நின்ற பிறகு, தானே நினைத்து, காலை ஊன்றினாள்.